மின்மானியை வாசிப்போம்: ஒரு சதமும் செலவில்லாமல் மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் வழி

மின் கட்டணம் திருத்தப்படும் ஒவ்வொரு தடவையும் எமது சமூகத்தில் இரண்டு பேச்சுக்கள் எழுகின்றன. ஒன்று, ஆட்சியாளர்களைத் திட்டுவது. மற்றது, கூரையில் சோலார் போட்டால் தப்பிவிடலாம் என்பது. முதலாவதால் வீட்டுப் பட்டியலில் ஒரு ரூபாவும் குறையாது. இரண்டாவதற்கு இலட்சக்கணக்கில் பணம் வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவருக்கும், தொடர்மாடியில் இருப்பவருக்கும், நாட்சம்பளத்தில் குடும்பம் நடத்துபவருக்கும் அது எட்டாத காரியம்.

நான் எழுத வந்தது மூன்றாவது வழியைப் பற்றி. எதையும் வாங்காமல், எந்த வசதியையும் பெரிதாக இழக்காமல், இருக்கும் பொருட்களை வைத்துக்கொண்டே பட்டியலைக் குறைக்கும் வழி அது. அதற்கு முதலில் பட்டியல் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது விளங்க வேண்டும். பலர் இதைத் தெரிந்துகொள்ளாததனால்தான் மிச்சப்படுத்த வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, மிச்சமே வராத இடத்தில் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கிறார்கள்.

2, 3, 4, 6 – இந்த நான்கு எண்களை நினைவில் வையுங்கள்

இலங்கையில் வீட்டு மின்சாரம் படிமுறையாகவே விலையிடப்படுகிறது. மாதம் 60 அலகுகள் வரை பாவிக்கும் வீட்டுக்கு ஒரு கணக்கு. 60ஐத் தாண்டினால் வேறு கணக்கு. தாண்டிய அலகுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 61ஆவது அலகு வந்ததும் முதலாவது அலகிலிருந்தே விலை உயர்கிறது. மாதாந்த நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறுகிறது. 2025ஆம் ஆண்டின் கட்டண வீதங்களில் கணக்கிட்டுப் பார்த்தால், 60 அலகு பாவித்த வீட்டின் பட்டியலை விட 61 அலகு பாவித்த வீட்டின் பட்டியல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஒரே ஓர் அலகுதான் வித்தியாசம்.

அதன் பின்னர் 90, 120, 180 என்று மேலும் மூன்று எல்லைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தாண்டும்போது அடுத்து வரும் அலகுகளின் விலையும் நிலையான கட்டணமும் கூடுகின்றன. பட்டியல் காலம் 30 நாட்களை விடக் கூடினால் அல்லது குறைந்தால் இந்த எல்லைகளும் நாட்களுக்கேற்ப மாறும். ஆகவே மாதக் கணக்கை விட நாள் கணக்கே இலகு. நாளொன்றுக்கு 2 அலகு என்பது 60இன் எல்லை. 3 என்பது 90இன் எல்லை. 4 என்பது 120, 6 என்பது 180.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை காலையில் மின்மானியில் உள்ள எண்ணை ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த வெள்ளி அதே நேரத்தில் மீண்டும் எழுதி, கழித்து, ஏழால் பிரியுங்கள். 3.2 வந்தால் நீங்கள் 90இன் எல்லையைச் சற்றே தாண்டி நிற்கிறீர்கள். நாளொன்றுக்குக் கால் அலகு குறைத்தால் போதும், ஒரு படி கீழே இறங்கிவிடலாம். 2.1 வந்தால் இன்னும் நல்லது. மிகச் சிறிய முயற்சியில் பட்டியலைப் பாதியாக்கும் இடத்தில் நிற்கிறீர்கள். பட்டியல் வந்த பிறகு அதிர்ச்சியடைந்து பயனில்லை. மாதத்தின் இரண்டாவது வாரத்திலேயே தெரிந்தால்தான் திருத்திக்கொள்ளலாம்.

இங்கே எமது குடும்ப அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிழக்கிலங்கையில் மகளுக்குக் கல்யாணம் முடித்துக் கொடுத்த பின்னரும் ஒரே வளவில், சில வேளை ஒரே கூரையின் கீழ், இரண்டு குடும்பங்கள் வாழ்வது வழமை. கொழும்பின் நெருக்கமான பகுதிகளில் மேல்மாடி, கீழ்மாடி என்று மூன்று குடும்பங்கள் ஒரே மின்மானியில் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே 60 அலகு பாவிக்கும் ஏழைக் குடும்பமாக இருக்கலாம். ஆனால் மின்மானிக்குத் தெரிவது 180 அலகு பாவிக்கும் ஒரு பெரிய வீடு மட்டுமே. இப்படிப்பட்ட வீடுகளில் "அவங்கதான் கூடப் பாவிக்கிறாங்க" என்ற மனக்கசப்பு வளர்வதை நான் கண்டிருக்கிறேன். எல்லோரும் சேர்ந்து வாரத்துக்கு ஒரு தடவை எண்ணைப் பார்த்தால் அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

அலகுகள் எங்கே போகின்றன?

1000 வோட் கருவி ஒன்று ஒரு மணித்தியாலம் இயங்கினால் ஓர் அலகு. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். 9 வோட் எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று இரவில் ஆறு மணித்தியாலம் எரிந்தால் மாதம் முழுவதும் சேர்த்து ஒன்றரை அலகுக்குச் சற்றுக் கூட. கைத்தொலைபேசி சார்ஜரைச் சுவிச்சில் விட்டுவிட்டால் போவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. ஆனால் நாம் அதிகமாகச் சத்தம் போடுவது இந்த இரண்டுக்கும்தான்.

உண்மையில் அலகுகளை விழுங்குபவை மூன்று வகை: சூடாக்குபவை, குளிராக்குபவை, நீண்ட நேரம் ஓடுபவை.

அயனை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானவை 1000 வோட் அளவிலானவை. தினமும் காலையில் ஒருவருக்குச் சட்டை, மற்றவருக்குப் பாடசாலைச் சீருடை, பள்ளிக்குப் போக ஜுப்பா என்று தனித்தனியே அரை மணித்தியாலம் அயன் ஓடினால், கணக்கின்படி மாதம் 15 அலகு. சூடானதும் அது தானாக நின்று நின்று இயங்குவதால் அவ்வளவு வராது. பாதி வந்தாலும் அந்த மின்குமிழைப் போல நான்கு மடங்குக்கு மேல். வாரத்துக்கு ஒரு தடவை எல்லா உடுப்பையும் சேர்த்து அயன் பண்ணினால், தினமும் அயனைக் குளிரிலிருந்து சூடாக்கும் செலவு மிச்சம். கடைசி இரண்டு உடுப்புகளைச் சுவிச்சை நிறுத்திவிட்டு இருக்கும் சூட்டிலேயே முடிக்கலாம். காய்ந்ததும் உதறி மடித்து வைத்தால் பல உடுப்புகளுக்கு அயனே தேவையில்லை.

அடுத்தது மின் கேத்தல். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ 0.1 அலகு வேண்டும். இரண்டு கோப்பைத் தேநீருக்காகக் கேத்தலை நிரப்பிக் கொதிக்க வைத்துவிட்டு மீதியை ஆறவிடுகிறோம். இப்படி நாளைக்கு மூன்று தடவை ஒரு லீற்றரை வீணே கொதிக்க வைத்தால் மாதத்துக்கு 9 அலகு. வீட்டில் யாரும் பாவிக்காமல் அலுமாரியில் கிடக்கும் பிளாஸ்க்கை வெளியே எடுங்கள். காலையில் ஒரு தடவை கொதிக்க வைத்தால் அஸர் வரை போதும்.

ரைஸ் குக்கரில் சோறு வெந்த பின்னரும் சுவிச்சை நிறுத்தாமல் சூடாக வைத்திருப்பதும் இப்படித்தான். 40 வோட் என்று வைத்துக்கொண்டாலும் பத்து மணித்தியாலத்துக்கு 0.4 அலகு, மாதத்துக்கு 12 அலகு. சோறு வெந்ததும் நிறுத்தி, மூடியைத் திறக்காமல் விட்டால் இரண்டு மணித்தியாலம் வரை சூடு தாங்கும்.

மின்விசிறி 75 வோட் அளவில்தான் எடுக்கிறது. ஆனால் நீண்ட நேரம் ஓடுகிறது. ஆளில்லாத அறையில் தினமும் மூன்று மணித்தியாலம் சுழன்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 7 அலகு. மின்விசிறி அறையைக் குளிராக்குவதில்லை. காற்று உடம்பில் பட்டு வியர்வை உலர்வதனால்தான் எமக்குக் குளிர்கிறது. ஆகவே ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் எந்தப் பயனும் இல்லை.

மலையகத்திலும் இப்போது நகரங்களிலும் குளியலறையில் ஹீட்டர் பொருத்துகிறார்கள். 3500 முதல் 5000 வோட் வரையிலான ஹீட்டரில் ஒருவர் பத்து நிமிடம் குளித்தால் 0.6 முதல் 0.8 அலகு. நான்கு பேர் தினமும் குளித்தால் அது மட்டுமே மாதத்துக்கு 70 அலகைத் தாண்டும். நான்கு நிமிடத்தில் குளித்து முடிப்பதும், பகலில் குளிப்பவர்கள் ஹீட்டரைத் தொடாமல் இருப்பதும் எந்த மின்குமிழை அணைப்பதை விடவும் பெரிய மிச்சம். ஏ.சி. உள்ள வீடுகளில் 20 பாகையில் வைத்துவிட்டுப் போர்வையால் போர்த்திக்கொண்டு தூங்குவதை விட, 26இல் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓடவிடுவது நல்லது.

குளிர்சாதனப் பெட்டியும் குர்பான் இறைச்சியும்

இருபத்து நான்கு மணித்தியாலமும் ஓடும் ஒரே பெரிய கருவி குளிர்சாதனப் பெட்டிதான். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பின்புறச் சூடு வெளியேற வழி கிடைக்கும். சூடான கறியை ஆறிய பின்னரே வைக்க வேண்டும். அதற்காகப் பல மணித்தியாலம் வெளியே விட்டு வைப்பதும் கூடாது. கதவு இறப்பரைப் பரீட்சிக்க ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வந்தால் அந்த இடத்தால் குளிர் வெளியே போகிறது. இறப்பரைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்துச் சுத்தம் செய்தாலே பல வேளைகளில் அது சரியாகிவிடும்.

இரவில் குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தி வைப்பதைச் சிலர் சிக்கனம் என்று நினைக்கிறார்கள். அது வேண்டாம். காலையில் மீண்டும் குளிராக்க அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு செலவாகிவிடும். இடையில் இறைச்சியும் பாலும் பழுதாகி வயிற்றுக்குக் கேடு வரும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின்னர் பல வீடுகளில் டீப் ஃப்ரீசர் ஒன்று தனியே ஓடத் தொடங்குகிறது. குர்பான் இறைச்சியைச் சேமித்து வைப்பது ஆகுமானதே. ஒரு வருடம் பஞ்சத்தின் காரணமாக மூன்று நாட்களுக்கு மேல் வைக்க வேண்டாம் என்று தடுத்த நபி (ஸல்) அவர்கள், பின்னர் அதை அனுமதித்தார்கள். ஆனால் பெருநாள் முடிந்து மூன்று, நான்கு மாதமாகியும் அடியில் கிடக்கும் இரண்டு பொதிகளுக்காக ஒரு ஃப்ரீசர் சுமார் முக்கால் அலகிலிருந்து ஓர் அலகு வரை தினமும் எடுத்துக்கொண்டிருக்கிறது. மாதத்துக்கு 20 அலகுக்கு மேல். அந்தப் பொதிகளை அயல் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோ, சமைத்துவிட்டோ ஃப்ரீசரை நிறுத்தினால் பட்டியலில் ஒரு படி இறங்கும் குடும்பங்கள் நிறைய இருக்கும். கொடுத்ததன் நன்மை வேறு.

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை

நாட்டில் மின்சாரக் கேள்வி உச்சத்தில் இருக்கும் நேரம் இதுதான். சூரிய மின்சாரம் நின்றுவிடும். நீர்மின்னும் நுரைச்சோலையின் நிலக்கரி மின்னும் போதாத அளவுக்கு இறக்குமதி எரிபொருளில் இயங்கும் மின்நிலையங்களை ஓட்ட வேண்டியிருக்கும். 2022இல் எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததை நாம் மறக்கவில்லை. சாதாரண வீட்டுப் பாவனையாளருக்கு நேரத்தைப் பொறுத்து விலை மாறுவதில்லை. ஆயினும் அயன், சலவை இயந்திரம், தண்ணீர் மோட்டர் ஆகிய மூன்றையும் பகலுக்கு மாற்றுவதால் எமக்கு எந்த நட்டமுமில்லை. உற்பத்திச் செலவு கூடினால் கடைசியில் அது எல்லோருடைய பட்டியலிலும்தான் வந்து சேர்கிறது.

தண்ணீர்: வுழூவிலிருந்து தொடங்குவோம்

நீர்ப்பட்டியலில் ஓர் அலகு என்பது 1000 லீற்றர். இங்கும் பாவனை கூடக்கூட அலகின் விலை கூடும். ஒரு முஸ்லிம் வீட்டில் தினமும் பல தடவை திறக்கப்படும் குழாய் வுழூ செய்யும் குழாய். எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து வாளியில் பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஏழு லீற்றர். ஒன்றரை நிமிடம் குழாயைத் திறந்துவிட்டு வுழூ செய்தால் பத்து லீற்றர் போய்விடும். ஐந்து பேர், ஐந்து வேளை என்றால் நாளொன்றுக்கு 250 லீற்றர், மாதத்துக்கு ஏழரை அலகு. எல்லோரும் எல்லா வேளையும் வீட்டில் வுழூ செய்வதில்லை என்று பாதியாக எடுத்தாலும் நாலு அலகுக்குக் கிட்ட வரும்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு தண்ணீரில் வுழூ செய்ததாகவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத் வரையிலான தண்ணீரில் குளித்ததாகவும் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. முத் என்பது நடுத்தரமான ஒருவர் இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் அது முக்கால் லீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஓடும் ஆற்றருகே இருந்தாலும் வீண்விரயம் கூடாது என்ற கருத்துள்ள ஹதீஸை நாம் குத்பாக்களில் அடிக்கடி கேட்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே விமர்சனம் உண்டு. முத் பற்றிய செய்தியோ ஆதாரபூர்வமானது, அளவையும் சொல்லிவிடுகிறது. ஆனால் மிம்பரில் அதை நாம் கேட்பது குறைவு.

முக்கால் லீற்றர் கடினமாகத் தோன்றினால் ஒன்றரை லீற்றர் பிடிக்கும் ஒரு ஜக்கில் தொடங்குங்கள். பத்து லீற்றர் ஒன்றரையாகும். குழாயில்தான் செய்வேன் என்பவர்கள் பென்சில் அளவு திறந்து, தலையை மஸ்ஹு செய்யும்போதும் கைகளைத் தேய்க்கும்போதும் மூடலாம்.

இன்னொரு இலவச வழி, குளியலறைக்குள் வரும் பிரதான வால்வைப் பாதி மூடிவிடுவது. அதன் பிறகு யார் எவ்வளவு திறந்தாலும் பாதித் தண்ணீர்தான் வரும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆயிரம் தடவை சொல்வதை விட இது பலன் தரும்.

நீர்மானியையும் ஒரு பரீட்சைக்குப் பாவிக்கலாம். இரவில் எல்லோரும் தூங்கப் போகும்போது எண்ணைக் குறித்து வைத்து, ஸுபஹுக்கு எழும்பியதும் தண்ணீரைத் திறக்கும் முன்னர் பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ கசிகிறது. கூரைத் தாங்கி நிரம்பியதாலும் மாறலாம், ஆகவே முதலில் தாங்கியை நிரப்பிவிட்டுச் செய்யுங்கள். கசிவு அதிகமாக இருக்கும் இடம் மலசலகூடத்தின் ஃப்ளஷ் தாங்கி. அதனுள் கொஞ்சம் கடும் சாயத் தேநீரை ஊற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலே கீழே நிறம் வந்தால் அடைப்பான் சரியாக மூடவில்லை. ஃப்ளஷ் தாங்கி பழைய பெரிய வகை என்றால், ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பி மூடி, பொறிமுறையில் படாமல் உள்ளே வைத்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு லீற்றர் மிச்சம்.

"எங்களுக்குக் கிணறு இருக்கிறது, தண்ணீர் இலவசம்" என்று சொல்வோருக்கு இரண்டு விடயங்கள். அரைக் குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை அலகு எடுக்கும். தாங்கி நிரம்பி வழிந்து கொண்டிருக்கும் கால் மணித்தியாலம் தினமும் நடந்தால் மாதத்துக்கு 3, 4 அலகு வடிகானில் போகிறது. இரண்டாவது, கரையோர மணற்பாங்கான ஊர்களில் நிலத்தடி நன்னீர் உவர் நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் நீர் ஏறும். ஒரு தடவை உவர்த்த கிணறு பழைய நிலைக்குத் திரும்ப நல்ல மழைகள் பல வேண்டும்.

அரிசி கழுவிய தண்ணீர் மரக்கறிச் செடிக்கு, சலவை இயந்திரத்தின் கடைசி அலசல் தண்ணீர் முற்றம் கழுவ, பீலியிலிருந்து விழும் மழைத் தண்ணீர் மலசலகூடத்துக்கு என்று எமது உம்மாமார் செய்தவற்றை மீண்டும் தொடங்கலாம். ஆனால் சேமிக்கும் வாளியையும் பீப்பாவையும் கட்டாயம் மூடி வையுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவது இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான்.

பள்ளிவாசலிலும் இதே கணக்குத்தான்

முன்னைய பள்ளிவாசல்களில் ஹவுழில் இருந்து அள்ளி வுழூ செய்தோம். இப்போது வரிசையாகக் குழாய்கள். ஜும்ஆவுக்கு வரும் ஒவ்வொருவரும் பத்து லீற்றர் என்றால் 300 பேருக்கு 3000 லீற்றர், ஒரே நாளில் மூன்று அலகு. அந்தப் பட்டியலும் ஜமாஅத்தாரின் சந்தாவிலிருந்தும் ஸதகாவிலிருந்தும்தான் கட்டப்படுகிறது. வுழூ வரிசையின் பிரதான வால்வைக் குறைத்து வைப்பதற்கும், ஸுபஹுக்கு ஒன்றரை வரிசை நிற்கும்போது பின்வரிசைகளின் மின்விசிறிகளை ஓடவிடாமல் இருப்பதற்கும் நிர்வாக சபைக்கு நிதி தேவையில்லை. ஒரு தீர்மானம் போதும்.

யார் செய்வது?

மின்சாரம், தண்ணீர் என்றதும் எமது வீடுகளில் அறிவுரை பெண்களுக்கே போகிறது. அடுப்படியில் நிற்பவர் அவர், ஆகவே சிக்கனமும் அவர் பொறுப்பு என்ற எண்ணம். கணக்கைப் பாருங்கள். தினமும் காலையில் புதிதாக அயன் பண்ணிய சட்டை கேட்பது யார்? நாளைக்கு நான்கு தடவை தேநீர் கேட்பது யார்? குழாயை முழுதாகத் திறந்துவிட்டு வுழூ செய்வது யார்? பெரும்பாலும் ஆண்கள்தான். வாரத்துக்கு ஒரு தடவை மின்மானியை வாசித்து எழுதும் வேலையையாவது வாப்பாமார் பொறுப்பெடுக்க வேண்டும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையைக் கழித்தல் கணக்கைச் செய்ய விடுங்கள். தான் கணக்கிட்ட எண்ணைப் பிள்ளை மறக்காது.

சிக்கனம் என்ற பெயரில் வயோதிபர்களின் அறையில் மின்விசிறியை நிறுத்துவதோ, படிக்கும் பிள்ளையின் வெளிச்சத்தைக் குறைப்பதோ வேண்டாம். அங்கே மிச்சமும் பெரிதாக இல்லை. அல்-அஃராப் அத்தியாயத்தின் 31ஆவது வசனம் உண்பதையும் பருகுவதையும் தடுக்கவில்லை, அளவு கடப்பதையே தடுக்கிறது. தேவைக்குப் பாவிப்பது வேறு, யாருக்கும் பயனில்லாமல் போவது வேறு. இந்தக் கட்டுரையில் நான் சொன்ன அலகுகள் எல்லாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த வெள்ளிக்கிழமை இரண்டு மானிகளின் எண்ணையும் எழுதி வையுங்கள். அயன், கேத்தல், ஃப்ரீசர், வுழூ ஆகிய நான்கில் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் இரண்டை மட்டும் மாற்றுங்கள். அடுத்த வெள்ளி மீண்டும் வாசித்து ஏழால் பிரியுங்கள். மிச்சமாகும் பணத்தில் சிறு பங்கை, பட்டியல் கட்ட முடியாமல் மின்சாரம் துண்டிக்கப்பட்ட ஒரு வீட்டுக்குக் கொடுக்க முடிந்தால் இன்னும் சிறப்பு. எமது வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.